குறைந்த உணவும் நீண்ட ஆயுளும்

"லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உணவைக் குறைத்தால் நோய் விலகுவதோடு ஆயுளும் கூடலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் ஜப்பானியர் காலத்தைக் கண்ட குடும்பங்கள் இதை எளிதில் நம்பமாட்டா. 1942 முதல் 1945 வரை பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்து மரவள்ளிக்கிழங்கே சோறானது. கால் வீங்கியும் புண் ஆறாமலும் மாண்டவர்கள் பலர். அவர்களும் குறைத்துத்தானே உண்டார்கள்? ஆயுள் ஏன் கூடவில்லை?

விடையில் பாதி, மலாக்காவுக்கு அண்டை மாநிலத்திலேயே கிடைத்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது அவ்வளவாகத் தொடவில்லை என்று அதில் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும் அதே ஆண்டு ஜாவாத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்துச் சோதித்தார்கள். வெள்ளரிசி உண்டவர்களுக்கே நோய் கண்டது. அவர்கள் வயிறு நிறையத்தான் உண்டார்கள், சத்துதான் இல்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற பெயரே அறியாமல் செய்துவந்த காரியம் இது!

மறுபாதியை 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே கண்டார். எலிகளுக்குக் கலோரியை மட்டும் குறைத்தார். வைட்டமின், தாது உப்பு, புரதம் எதையும் குறைக்கவில்லை. அவற்றில் பல நெடுநாள் வாழ்ந்தன. ஆனால் வளர்ச்சி குன்றியது. வளரும் பிள்ளைகளுக்கு இந்த முறை ஆகவே ஆகாது.

காரணம் என்ன? 1999இல் குவாரென்டேயின் ஆய்வுக்கூடத்தில், சர்-2 என்ற புரதம் கூடுதலாயிருந்த ஈஸ்ட் உயிரணுக்கள் நீண்டு வாழ்வது தெரிந்தது. மறு ஆண்டு, அந்தப் புரதம் இல்லாத ஈஸ்டுக்கு உணவுக் குறைப்பால் பயன் கிட்டவில்லை என்றும் கண்டார்கள். பிரட்டில் நின்று, இன்று யாருக்கு வேலை, யாருக்கு ஓய்வு என்று சொல்லும் கங்காணியைப் போல, எந்த மரபணு இயங்கலாம், எது அடங்கியிருக்கலாம் என்பதில் இதற்குப் பங்குண்டு. மனித உடலில் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் 7 உள்ளன. சிர்டுயின் என்பது பொதுப்பெயர்.

இதுவே ஆயுளின் திறவுகோல் என்று பலர் துள்ளினார்கள். கொஞ்சம் அவசரம்தான். புழுக்களிலும் ஈக்களிலும் கண்ட ஆயுள் கூடுதலுக்கு இந்தப் புரதம் காரணமில்லை என்று 2011இல் மறுப்பு வந்தது. குரங்குகளிலும் முடிவு இரண்டுபட்டது. 2009இல் விஸ்கான்சின் ஆய்வு, குறைத்துண்ட குரங்குகள் முதுமை நோய்களால் மடிவது குறைந்ததென்றது. 2012இல் அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வுக் கழகம் ஆயுள் கூடவில்லை என்றது. விஸ்கான்சின் தீனியில் சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு. மற்றதில் 4 பங்குதான். சர்க்கரை மிகுந்த தீனியை வேண்டுமட்டும் தின்ற குரங்குகளோடு ஒப்பிட்டதால்தான் முன்னதில் பயன் பெரிதாய்த் தெரிந்ததோ என்று ஆய்வாளர்களே கேட்கிறார்கள்.

அந்தச் சர்க்கரைக் கணக்கு நமக்கும் தூரமல்ல. மலேசியாவில் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்று 2019 தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. கிழங்கும் கிடைக்காமல் பசித்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.