கனத்த கட்டைகளும் இறைப்புகழும்



ஜூபிலி ஆண்டு வந்தால் கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம். மூலையில் கிடக்கும் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டுகிறோம். அவற்றுள் ஒரு பழைய பியானோ இருந்தால், கழிக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் பார்த்தலோமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதன் சுத்திகள் சிறியவை, கட்டைகள் இலகுவானவை. 19ஆம் நூற்றாண்டில் பெரிய மண்டபங்களுக்கேற்ப ஓசையைப் பெருக்கத் தடித்த கம்பிகளும், கம்பளி போர்த்த கனமான சுத்திகளும் வந்தன. அந்தப் பாரம் வாசிப்பவரின் விரலுக்கு வந்து சேர்ந்தது.

1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், புனித செசீலியம்மாள் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி ஆணை பிறப்பித்தார். கோவிலில் பியானோ வாசிப்பதை அது தடைசெய்தது. 1930இல் நமது சேலம் மறைமாவட்டம் உதயமாகி, ஹென்றி புருனியே ஆண்டகை முதல் ஆயரானபோதும் அவ்விதியே நடப்பிலிருந்தது. ஆகவே பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் துணை நின்றது. பியானோ பள்ளிகளிலும் கன்னியர் மடங்களிலும் தங்கியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆலயத்துக்குத் தகுதியான பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்று வழிதிறந்தது.

இனி, கட்டை கனப்பதன் காரணத்தைக் காண்போம். வலப்பக்க மிதியை அழுத்திக்கொண்டு, கட்டையின் நுனியில் சிறு எடைக்கற்களை வையுங்கள். ஏறத்தாழ 50 கிராமில் அது மெல்ல இறங்க வேண்டும். பிறகு எடையைக் குறையுங்கள். 20 கிராம் இருக்கும்போதே அது மேலெழ வேண்டும். இறங்க அதிக எடை கேட்டு, எழவும் தயங்கினால் உராய்வே குற்றவாளி. இறங்க அதிக எடை கேட்டாலும் விறுவிறுப்பாக எழுந்தால் சுத்தியின் பாரமே காரணம்.

நமது சமவெளியில் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். ஐப்பசி மழையில் மரமும் கம்பளியும் உப்பும். அப்போது அச்சூசிகள் இறுகும். கட்டையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; இம்மியும் அசையாவிட்டால் உறைத்துணி உப்பியிருக்கிறது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், கம்பளி கெட்டுவிடும். தூசு துடைத்து, ஈரம் நீக்கி, கைதேர்ந்தவரை அழையுங்கள்.

விரல் நோகும் குழந்தை இசையையே வெறுத்துவிடும். கட்டை கனத்ததும் கருவி செத்ததென்று தீர்ப்பிட வேண்டாம். நோயறிந்து மருந்திட்டால், பழைய கருவியும் ஆண்டவருக்குப் புதிய பாடல் இசைக்கும்!