அமெரிக்கக் கல்வி நிலையங்களில் பாலியல் துன்புறுத்தல் சட்டமும் மாணவர் பேச்சுரிமையும்

அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் மாணவர் பேச்சுரிமையைக் காக்கும் சட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. முன்னது, 1972ஆம் ஆண்டுக் கல்வித் திருத்தச் சட்டத்தில் 'டைட்டில் நைன்' எனப்படும் ஒன்பதாம் பகுதியிலிருந்து பிறந்தது. பின்னதற்கு மூலம், 1791இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முதல் திருத்தம். கேலி, ஆபாசப் பேச்சு, கழிவறைச் சுவரெழுத்து, கைப்பேசிச் செய்தி எனத் துன்புறுத்தலில் பெரும்பகுதி சொல்லாலேயே நடப்பதால் இவ்விரு சட்டங்களும் ஒன்றையொன்று உரசின. எந்தச் சொல் மாணவரின் உரிமை, எந்தச் சொல் இன்னொரு மாணவரின் படிப்பைப் பறிக்கும் செயல் என்பதே ஐம்பது ஆண்டு வழக்குகளின் சாரம்.

சட்ட அடிப்படை

இரு சட்டங்களின் வீச்சும் ஒன்றல்ல. முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே அரசுப் பள்ளி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கே அது நேரடிப் பாதுகாப்பு. டைட்டில் நைன் மத்திய அரசின் பணத்தைப் பின்தொடர்ந்து செல்வது. அந்த நிதியைப் பெறும் தனியார் கல்லூரியும் அதற்கு உட்பட்டது. இதனால் அரசுக் கல்வி நிலையத்தின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. துன்புறுத்தலைக் கண்டும் காணாமல் இருந்தால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுப்பார். அளவுமீறித் தண்டித்தால் பேசியவர் வழக்குத் தொடுப்பார்.

டிங்கர் வழக்கு (1969)

1965 டிசம்பரில் அயோவா மாநிலம் டெ மொயின் நகரில் மாணவர் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்தனர். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. பள்ளிகள் அவர்களை இடைநீக்கம் செய்தன. 1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவர் தம் உரிமைகளை உதிர்த்துவிடுவதில்லை என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ்.

அதே தீர்ப்பு அந்த உரிமைக்கு இரண்டு எல்லைகளும் வகுத்தது. பேச்சு பள்ளிப் பணியைப் பெரிதும் குலைக்கக் கூடாது. பிறர் உரிமைக்குள் புகவும் கூடாது. முதல் எல்லை பல வழக்குகளில் அலசப்பட்டது. இரண்டாவது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. துன்புறுத்தல் வழக்குகள் பின்னாளில் வந்து தட்டியது அந்தக் கதவைத்தான்.

'பாலியல் துன்புறுத்தல்' என்ற கருத்தின் தோற்றம்

1972 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்ட டைட்டில் நைனின் மையவிதி ஆங்கிலத்தில் 37 சொற்கள் கொண்டது. பேட்சி மிங்க், எடித் கிரீன், பர்ச் பே ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்காக உழைத்தவர்கள். மத்திய நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பாலின அடிப்படையில் எவரையும் விலக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்றது அது. 'துன்புறுத்தல்' என்ற சொல் அதில் இல்லை. அந்தப் பொருளில் அச்சொல் அப்போது புழக்கத்துக்கே வந்திருக்கவில்லை.

1975இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இயங்கிய பெண்கள் வேலையிடக் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசக் கூட்டம் நடத்தியபோதுதான் 'பாலியல் துன்புறுத்தல்' என்ற தொடர் பரவலாயிற்று. அது பாலினப் பாகுபாட்டின் ஒரு வடிவமே என்ற வாதத்தைச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் 1979இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். அதற்கு முன்பே, 1977இல், யேல் பல்கலைக்கழக மாணவியர் தொடுத்த வழக்கு அந்த வாதத்தைக் கல்விக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. 1980இல் மேல்முறையீட்டில் அவர்கள் தோற்றனர். ஆனால் மதிப்பெண்ணுக்கு ஈடாக உடலைக் கேட்பது டைட்டில் நைனின் கீழ் பாகுபாடே என்ற கருத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்றிருந்தது. யேலும் புகார் விசாரணை முறை ஒன்றை ஏற்படுத்தியது.

1986: பதினெட்டு நாள் இடைவெளி

1986 ஜூன் 19 அன்று, வங்கி ஊழியர் ஒருவர் தொடுத்த மெரிட்டர் வழக்கில், வேலையிடத்தைப் 'பகைமைச் சூழல்' ஆக்கும் பாலியல் துன்புறுத்தலும் பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அறிவித்தது. அத்தகைய சூழலைச் சொல்லாலும் உருவாக்க முடியும் என்பதால், பாலியல் பேச்சு சட்டத்தின் வரம்புக்குள் வந்தது.

பதினெட்டு நாள் கழித்து, ஜூலை 7 அன்று, ஃப்ரேசர் வழக்கில் தீர்ப்பு வந்தது. வாஷிங்டன் மாநிலப் பள்ளி ஒன்றில் மாணவர் தேர்தலுக்காக மேத்யூ ஃப்ரேசர் ஏறத்தாழ 600 பேர் கொண்ட கூட்டத்தில் நண்பரை முன்மொழிந்து இரட்டை அர்த்தப் பேச்சுப் பேசினார். பள்ளி அவரை மூன்று நாள் இடைநீக்கம் செய்தது. அது செல்லும் என்ற தலைமை நீதிபதி வாரன் பர்கர், ஆண்மையைப் பெருமையடிக்கும் அப்பேச்சு கேட்டிருந்த மாணவியரை இழிவுபடுத்தியதையும் சுட்டினார். இருப்பினும் தீர்ப்பு பாகுபாட்டுச் சட்டத்தை அடித்தளமாகக் கொள்ளவில்லை. நாகரிகத்தைக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்பதையே கொண்டது. பள்ளியில் ஆபாசப் பேச்சைத் தண்டிக்கத் துன்புறுத்தல் சட்டமே தேவைப்படாத நிலை இதனால் உண்டாயிற்று. கல்லூரிகளில் நிலைமை வேறு. வயதுவந்த மாணவரின் அருவருப்பான கருத்தையும், அருவருப்பு என்ற காரணத்துக்காக மட்டும் அரசுப் பல்கலைக்கழகம் அடக்க முடியாது என்று 1973லேயே தீர்ப்பாகியிருந்தது.

பல்கலைக்கழகப் பேச்சு விதிகள்

1980களின் பிற்பகுதியில் வளாகங்களில் இனவெறி, பெண்வெறுப்பு நிகழ்வுகளை எதிர்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் பேச்சு விதிகளை இயற்றின. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988இல் கொண்டுவந்த விதி இவற்றுள் புகழ்பெற்றது. இந்தத் துறையில் பெண்கள் ஆண்களுக்கு இணையாகார் என்று வகுப்பில் சொல்வதே விதிமீறலுக்கு எடுத்துக்காட்டு என அதன் விளக்கக் கையேடு கூறியது. மூளை, நடத்தை ஆகியவற்றின் உயிரியலைப் படித்த மாணவர் ஒருவர், பாலின வேறுபாடுகள் பற்றிய கோட்பாடுகளை விவாதித்தாலே தண்டனை வருமோ என்று பெயர் மறைத்து வழக்குத் தொடுத்தார். 1989இல் நீதிபதி ஏவர்ன் கோன் அந்த விதியைச் செல்லாது என்றார். எது குற்றம் என்பது அதில் தெளிவாக இல்லை. வகுப்பறை விவாதமும் அதில் அகப்பட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழக விதியும் 1991இல் விழுந்தது. தனியார் நிறுவனமான ஸ்டான்ஃபோர்டின் விதிகூட 1995இல் வீழ்ந்தது. தனியார் கல்லூரி மாணவருக்கும் பேச்சுரிமை வழங்கிய 1992ஆம் ஆண்டுக் கலிபோர்னியச் சட்டமே அதற்குக் காரணம்.

டேவிஸ் வழக்கு (1999)

டைட்டில் நைன் மீறலுக்கு இழப்பீடு கோரலாம் என்று 1992இலும், ஆசிரியர் செய்யும் துன்புறுத்தலை நிர்வாகம் அறிந்தும் அலட்சியம் செய்தால் மட்டுமே அது பொறுப்பாகும் என்று 1998இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாணவரை இன்னொரு மாணவர் துன்புறுத்தினால் என்ன என்ற கேள்விக்கு விடை 1999 மே 24 அன்று வந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் மன்ரோ மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை உடன்படிக்கும் சிறுவன் 1992 டிசம்பரிலிருந்து மாதக்கணக்கில் தொட்டும் ஆபாசமாகப் பேசியும் தொல்லை கொடுத்தான். தாய் ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியரிடமும் முறையிட்டார். அவன் பக்கத்து இருக்கையிலிருந்து மாறி உட்காரும் அனுமதி கிடைக்கவே அவளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவளுடைய மதிப்பெண்கள் சரிந்தன. இறுதியில் அந்தச் சிறுவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

5-4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பை எழுதிய சாண்ட்ரா டே ஓகானர், பள்ளிக்குப் பொறுப்பு உண்டு என்றார். ஆனால் அளவுகோலை உயரத்தில் வைத்தார். துன்புறுத்தல் கடுமையானதும் பரவலானதும் பொதுநோக்கில் இழிவானதுமாக இருந்து, பாதிக்கப்பட்டவரின் கல்வி வாய்ப்பையே பறிக்க வேண்டும். பள்ளி அதை அறிந்தும் வேண்டுமென்றே அலட்சியம் செய்திருக்க வேண்டும். சிறுவர்களின் சாதாரணக் கேலியும் தள்ளுமுள்ளும் போதா. இந்த உயரமும் ஆண்டனி கென்னடிக்குப் போதவில்லை. பேச்சு விதிகள் நீதிமன்றங்களில் வீழ்ந்துவந்த சூழலில், பள்ளிகளைத் துன்புறுத்தலுக்குப் பொறுப்பாக்கினால் அவை மாணவர் பேச்சை நெருக்கும் என்று அவர் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார்.

விதிகளை எடைபோட்ட நீதிமன்றங்கள்

கென்னடியின் எச்சரிக்கை விரைவிலேயே சோதனைக்கு வந்தது. பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் பள்ளி மாவட்டம் 1999இல் இயற்றிய விதி, இனம், பாலினம் மட்டுமின்றி உடை, பொழுதுபோக்கு, விழுமியம் பற்றி இழித்துரைப்பதையும் துன்புறுத்தலாக்கியது. 2001இல், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சாமுவேல் அலிட்டோ அதை ரத்துசெய்தார். துன்புறுத்தல் என்று பெயரிட்டுவிட்டால் பேச்சுரிமை தானாக விலகிவிடாது என்பது அவர் வகுத்த நெறி. போரில் பெண்கள் பங்கேற்பது பற்றிய தன் கருத்தைச் சொல்லத் தயங்கிய டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவரின் வழக்கில், அப்பல்கலைக்கழகத்தின் பாலியல் துன்புறுத்தல் விதி 2008இல் வீழ்ந்தது.

2013இல் தீர்ந்த ஈஸ்டன் வழக்கு தனிச்சுவை உடையது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 'மார்பை நேசிக்கிறேன்' என்ற பொருள்பட, கொச்சைச் சொல்லில் எழுதிய ரப்பர் வளையலை இரு சிறுமியர் அணிந்தனர். பள்ளி தடுத்தது, வளையல் துன்புறுத்தலுக்கு வழிவகுத்து டைட்டில் நைன் சிக்கலைக் கொண்டுவரும் என்றும் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 9-5 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. வளையல் எவரையும் குறிவைக்கவில்லை. பெண்களைப் பாதிக்கும் நோயைப் பற்றிப் பெண்குழந்தைகள் பேசிய பேச்சு அது.

கல்வித் துறையின் விதிகள்: 'உம்'மும் 'அல்லது'வும்

நீதிமன்றத்துக்கு வெளியே, மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் நிதி நிபந்தனையாக விதிகளை வகுத்தது. யாரோ மனம் புண்பட்டார் என்பதால் மட்டும் பேச்சு துன்புறுத்தலாகாது என்று 2003இல் அது கடிதம் எழுதியது. பத்தாண்டு கழித்து, 2013இல், மொன்டானா பல்கலைக்கழகத்துடன் செய்த உடன்பாட்டை ஒட்டி, விரும்பத்தகாத பாலியல் நடத்தை எதுவும், வாய்ச்சொல் உட்பட, துன்புறுத்தலே என்று பொருள்படும் வரையறை வந்தது. பேச்சுரிமை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, 2010இல் யேலில் ஆண்கள் சங்கம் ஒன்றின் புதிய உறுப்பினர்கள் வன்புணர்வைக் கொண்டாடும் முழக்கத்தை மாணவியர் தங்குமிடத்தருகே எழுப்பினர். அடுத்த ஆண்டு மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் டைட்டில் நைன் புகார் அளித்தனர். சங்கத்தை யேல் ஐந்தாண்டு தடைசெய்தது.

அதன்பின் சண்டை ஓர் இணைப்புச் சொல்லுக்குள் அடங்கியது. பெட்ஸி டிவோஸ் கல்வி அமைச்சராக இருந்தபோது 2020 ஆகஸ்ட் 14 முதல் நடைமுறைக்கு வந்த விதி, சூழல்வகைத் துன்புறுத்தலுக்கு டேவிஸ் அளவுகோலையே எடுத்துக்கொண்டது: கடுமையானதும் பரவலானதும். பைடன் அரசின் 2024 விதி மெரிட்டர் வழக்கின் வேலையிட அளவுகோலுக்குத் திரும்பியது: கடுமையானது அல்லது பரவலானது. எண்ணும்மை இரண்டையும் மெய்ப்பிக்கச் சொல்லும். 'அல்லது' வந்தால், பல நாள் தொடர்ந்த சிறு கேலிகளும் ஒரே முறை நடந்த கடும் செயலும் தனித்தனியே துன்புறுத்தலாகலாம். பாதிக்கப்பட்டவருக்கு வாசல் அகலும், பேசுபவருக்கு அச்சம் கூடும். 2024 விதியைப் பல மாநிலங்கள் எதிர்த்தன. 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கியிலுள்ள மத்திய நீதிமன்றம் பேச்சுரிமையையும் ஒரு காரணமாகக் காட்டி அதை நாடு முழுதும் ரத்துசெய்தது. 2020 விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

வளாகத்துக்கு வெளியே

கைப்பேசி வந்தபின் பள்ளியின் எல்லை எது என்பதே கேள்வியாயிற்று. ஆரிகன் மாநிலம் யூஜீனில் பள்ளி விட்டதும் அருகிலுள்ள பூங்காவழியில், மாற்றுத்திறனாளிகளான இரு இளைய மாணவர்களை மற்ற மாணவர்கள் பாலியல் கேள்விகளால் தொல்லைப்படுத்தினர். அவர்களில் ஒருவரை இடைநீக்கம் செய்தது செல்லும் என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2021இல் மஹனாய் பள்ளி மாவட்ட வழக்கில், விளையாட்டு உற்சாகக் குழுவின் (சியர்லீடிங்) முதன்மை அணியில் இடம் கிடைக்காத மாணவி வார இறுதியில் ஸ்னாப்சாட்டில் திட்டியதற்குத் தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 8-1 கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் கடும் துன்புறுத்தல் வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடலாம் என்று நீதிபதி ஸ்டீபன் பிரையர் இடம் விட்டுவைத்தார்.

இன்றைய நிலை

வழக்குகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படும். ஊருக்குச் சொல்லும் கருத்து, எவ்வளவு கசந்தாலும், பெரும்பாலும் தப்பியிருக்கிறது. ஒருவர்மீது குத்தி நிற்கும் சொல், அவரது படிப்பைத் தடுக்கும் அளவுக்குப் போனபோது, தப்பவில்லை. மிச்சிகன் வகுப்பறையும் ஈஸ்டன் வளையலும் ஒரு பக்கம். மன்ரோ மாவட்டச் சிறுமியின் இருக்கையும் யூஜீன் பூங்காவழியும் மறுபக்கம். இடையில் கிடப்பவற்றுக்கு, 1969இல் ஃபோர்ட்டாஸ் எழுதிய 'பிறர் உரிமை' என்ற தொடரே அளவுகோலாக வேண்டும். எந்த உரிமையை எவ்வளவு தீண்டினால் பேச்சைத் தடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் இன்றுவரை விளக்கவில்லை.