பாக் விரிகுடாக் கரையின் கழிமுகங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கே மீமிசல் கரையில் நிற்பவர் சென்னையின் பேரலைகளை அங்கே காணமாட்டார். கிழக்கே இலங்கை அரணாக நிற்பதாலும், விரிகுடா ஆழமற்றதாகையாலும், அலைகள் தளர்ந்து வந்து, சேறு கலந்த மணலில் கடற்புற்சருகை ஒதுக்கிவிட்டு மீளும். இப்புற்களை மேய்ந்து வாழும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவைக் காப்பதற்காகவே தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இப்பிரதேசத்தில் ஏரிக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் உள்நாட்டிலேயே தொடங்குகிறது. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழிந்து, அடுத்த கண்மாயை நிரப்பி, எஞ்சிய நீர் ஓடைகளாகவும், ஆவுடையார்கோயில் வழியே செல்லும் வெள்ளாறு போன்ற ஆறுகளாகவும் விரிகுடாவை அடைகிறது. மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெறும் இவற்றின் கடல்வாய்கள் கோடையில் மணலால் தூர்ந்துபோதல் இயல்பே.

இவ்வமைப்பின் விரிந்த உருவம் வடகிழக்கே முத்துப்பேட்டையில் விளங்குகிறது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலிய காவிரிக் கிளைகள் கூடும் உப்பங்கழி, சராசரி ஒரு மீட்டர் ஆழமே உடையது. அலையாத்திக் காடு அதனைச் சூழ்ந்திருக்க, கடற்புறத்தே மணல்திட்டினூடே திறந்த முகத்துவாரம் அதனைக் கடலுடன் இணைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் பெருகி உவர்ப்பைத் தணிக்கும். கோடையில் கடல்நீரே உட்புகுந்து, வெயிலில் வற்றி, உவர்ப்பை மிகுவிக்கும். மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் இடமாகையால், இப்பரிமாற்றமே அங்குள்ள மீனவரின் ஜீவாதாரம்.

வாயைத் திறந்து வைத்திருப்பது கடல் ஒன்றே என்று எண்ணுவது பிழை. கரையோரமாக ஓடும் கடல் நீரோட்டம் மணலைக் கொணர்ந்து வாயை அடைக்க, ஏற்றவற்றத்தின் வீச்சும் ஒரு மீட்டருக்குக் குறைவேயாகலின், அம்மணலைப் பெயர்த்தெறியப் பெரிதும் வேண்டுவது ஆற்று வெள்ளமே; மேலே அணையிலும் வாய்க்காலிலும் நீர் தேங்கி, கழிக்கு வந்துசேரும் நீர் குறையக் குறைய, வண்டல் படிந்து கழி ஆழமிழக்கிறது. ஆகவே காவிரி நீரைப் பங்கிடுவோர் வயலை மட்டுமன்றிக் கழிமுகத்தையும் கணக்கில் கொள்ளுதல் நியாயம்.

வேதாரண்யத்துக்கருகே 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பெரிதும் முறித்தது. அலையாத்தி மீண்டும் தழைப்பதற்கு, தாய்வாய்க்காலிலிருந்து மீன்முள்போல் கிளைவாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் நாற்றின் வேருக்குச் சென்று மீளச் செய்யும் முறையை வனத்துறையினர் இங்கே நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.