பிடித்த ரக்கூனை எங்கே கொண்டுபோய் விடுவது?

போன வருஷம் ஜூன் மாதம் முழுக்க அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கும் அக்கா வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அத்தான் தன் கையாலேயே வெட்டிய ஒரு சின்னக் குளம் உண்டு. ஒன்றரை அடி ஆழம், சுற்றிலும் படி மாதிரி கல் வரிசை, இரண்டு அல்லித் தொட்டி, ஒன்பது கோய் மீன்கள். ஒரு நாள் காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தால் அல்லித் தொட்டி இரண்டும் கவிழ்ந்து கிடக்கிறது, தண்ணீர் கலங்கியிருக்கிறது, மீன் நாலுதான் இருக்கிறது. கரையில் கொஞ்சம் செதில். கல் மேல் சேற்றில் பதிந்த தடங்கள். குனிந்து பார்த்தேன். ஐந்து விரல், உள்ளங்கை, எல்லாம் தெளிவாக இருந்தது. கைக்குழந்தை தவழ்ந்து போன மாதிரி.

"ரக்கூன்தான்" என்றார் அத்தான். ரொம்ப நேரம் வேறெதுவும் பேசவில்லை. அந்த மீன்களை அவர் ஆறு வருஷமாக வளர்த்தவர்.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து ஒரு கம்பிக் கூண்டு வந்துவிட்டது. எலிப்பொறி மாதிரிதான், ஆனால் ஒரு கன்றுக்குட்டியின் தலை நுழையும் அளவு. திட்டம் சுலபமானது: பிடிக்க வேண்டியது, காரில் ஏற்றி இருபது மைல் தள்ளி இருக்கும் காட்டில் விட்டுவிட்டு வர வேண்டியது. கொல்லப் போவதில்லை, மீனும் பிழைக்கும், அதுவும் பிழைக்கும். கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாம்பைப் பிடித்துக் காட்டில் விடும் ஊரிலிருந்து போனவன் நான்.

அப்புறம் வழக்கம்போல ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வர்ஜீனியாவில் பிடித்த காட்டு விலங்கை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி தப்பு என்று முதலில் தெரிந்தது. ஏன் தப்பு என்று தேடிப் போனதில் வந்த கதைதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ரக்கூன் வட அமெரிக்க விலங்கு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமாக வால். பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து கிலோ எடை. பழம், தவளை, நத்தை, முட்டை, மீன், குப்பைத்தொட்டி என்று எதையும் விடாது. அதன் சரித்திரம் முழுக்கக் கையின் சரித்திரம் என்றே சொல்லலாம். வர்ஜீனியாக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் 1600-களின் தொடக்கத்தில் அங்கிருந்த பவ்ஹாட்டன் மக்களிடமிருந்து கேட்டு எழுதிக்கொண்ட பெயரிலிருந்துதான் 'ரக்கூன்' வந்தது. கையால் தேய்ப்பது, பிறாண்டுவது என்ற பொருளை அதற்குச் சொல்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் அதைக் கரடி இனத்தில் சேர்த்து, 'கழுவுகிறவன்' என்று அர்த்தம் வரும் லத்தீன் பெயர் கொடுத்தார். ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் இன்றைக்கும் அதை 'கழுவும் கரடி' என்றே சொல்கிறார்கள்.

உண்மையில் அது கரடியும் இல்லை, சாப்பாட்டைக் கழுவுவதும் இல்லை. ஆற்றோரத்தில் ஆழமில்லாத தண்ணீருக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலேயே துழாவி இரை பிடிக்கும் பழக்கம் அதற்கு. மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கு அந்தக் கைக்கே போய்விடுகிறது. கூண்டில் அடைபட்ட ரக்கூன் கொடுத்த தீனியைத் தண்ணீரில் போட்டுத் துழாவுவது, இரை தேடும் அந்தப் பழக்கத்தின் மிச்சம். 1907-இல் டேவிஸ் என்ற ஆய்வாளர் விதவிதமான தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளை ரக்கூன்களிடம் கொடுத்துப் பார்த்தார். பதின்மூன்றில் பதினொன்றைத் திறந்துவிட்டன.

இதைப் படித்ததும் அத்தானின் குளம் வேறு மாதிரி தெரிந்தது. ஒன்றரை அடி ஆழம், இறங்கி நிற்க வாகாகப் படி, ஓட இடமில்லாத மீன். ரக்கூனுக்கென்றே அளவெடுத்து வெட்டிய மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி விஷயம் மீனோடு நிற்கவில்லை. அக்கா வீட்டில் மணி என்று ஒரு பொமரேனியன் இருக்கிறான். நாலு கிலோ கூட இருக்க மாட்டான். பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் குளத்துப் பக்கம் குரைத்துக்கொண்டே ஓடினான். ஒரு உறுமல், ஒரு கீச்சல். நாங்கள் டார்ச்சோடு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. மூக்கில் ஒரு கீறல், காதோரம் ரத்தம். அக்கா அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளப் போனாள். அத்தான்தான் "தொடாதே, கையுறை போடு" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மறுநாள் மிருக டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள்?" நல்லவேளை, நடப்பில் இருந்தது. அப்படியும் உடனே இன்னொரு ஊசி போட்டு, நாற்பத்தைந்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார். ஊசியே போடாத நாயாக இருந்தால் மாதக்கணக்கில் தனிமையில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் கருணைக்கொலை என்பதுதான் அங்கே வழிமுறை. அக்கா காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நமக்கு ரேபிஸ் என்றால் தெருநாய்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் நாய்களுக்கிடையே பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக 2007-இல் அறிவித்தார்கள். இப்போது அங்கே அந்த நோய் வௌவால், ஸ்கங்க், நரி, ரக்கூன் என்று காட்டு விலங்குகளிடம் இருக்கிறது. கிழக்குக் கரை நெடுக அது ரக்கூன் நோய். எப்படி அப்படி ஆனது என்பதில்தான் கூண்டுக் கதை வருகிறது.

ரக்கூன்களிடையே பரவும் ரேபிஸ் வகை முதலில் தெற்குக் கோடியில், ஃப்ளோரிடாவில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்து ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா என்று மெதுவாக, வருஷத்துக்குக் கொஞ்சமாக நகர்ந்தது. விலங்கு எவ்வளவு தூரம் நடக்குமோ அவ்வளவுதான் நோயும் நடக்கும். ஆனால் 1977-இல் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ரக்கூனுக்கு ரேபிஸ் இருப்பது தெரிந்தது. நடுவில் இருந்த இடங்களில் ஒன்றும் இல்லை. நடந்து வந்திருக்க முடியாது.

நடந்து வரவில்லைதான். லாரியில் வந்தது.

அந்த வட்டாரத்தில் ராத்திரி நேர ரக்கூன் வேட்டை ஒரு பழைய பொழுதுபோக்கு. அதற்கென்றே வளர்த்தெடுத்த பெரிய வேட்டைநாய் இனங்கள் உண்டு. நாய் மோப்பம் பிடித்துத் துரத்தி ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு, அடியில் நின்று குரைக்கும். எழுபதுகளில், எங்கள் காட்டில் ரக்கூன் குறைவு என்று நினைத்த வேட்டைக்காரர்களுக்காக ஃப்ளோரிடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ரக்கூன்களைப் பிடித்துக் கொண்டுவந்து வர்ஜீனியா மலைப்பகுதிகளில் விட்டார்கள். அனுமதியோடு நடந்த காரியம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இப்படி இடம் மாற்றப்பட்ட ரக்கூன்களில் ரேபிஸ் இருப்பதை 1979-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கிடைத்த வைரஸும் தெற்கத்தி வைரஸும் ஒரே வகை என்பது பின்னால் பரிசோதனையில் தெரிந்தது.

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. எண்பதுகளில் வர்ஜீனியா, மேரிலேண்ட், பென்சில்வேனியா. 1990-இல் நியூயார்க். 1992-இல் மாசசூசெட்ஸ். 1999-இல் எல்லை தாண்டி கனடாவின் ஒன்டாரியோ. புறநகர் வீடுகளில் ஏற்கெனவே குப்பைத்தொட்டி, பரண், நாய்க்கு வெளியே வைத்த சாப்பாடு என்று ரக்கூன்கள் சௌகரியமாகக் குடியிருந்தன. நோய் அந்த வழியாகவே போனது. ஆட்கள் செத்தது மிகவும் குறைவு. வளர்ப்பு நாய்க்கு ஊசி போடுவதும், கடிபட்டவர் உடனே சிகிச்சை எடுப்பதும்தான் காரணம். ஆனாலும் 2003-இல் அதே வர்ஜீனியாவில் ஒரு இளைஞர் இறந்தார். ரக்கூன் வகை ரேபிஸால் அமெரிக்காவில் ஒரு மனிதர் இறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் அது.

பிடித்து விடுவது ஒரு நிமிஷ வேலை. அதைத் திருப்பி எடுக்க எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள். 1990-இல் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் இருக்கும் பாரமோர் என்ற தீவில், வாயால் உட்கொள்ளும் தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. அதன் பிறகு மேற்கே நோய் போகாதபடி அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டி, வடக்கே மெய்னிலிருந்து தெற்கே அலபாமா வரை ஒரு தடுப்பு வளையம் வைத்து, வருஷா வருஷம் விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் லட்சக்கணக்கில் இரை போடுகிறார்கள். அந்த இரையில் பெரும்பாலும் என்ன வாசனை தெரியுமா? மீன் தூள். அத்தான் குளத்துக்கு அதை இழுத்த அதே ருசி.

ஒரு ஊரோடு போகிற கதையும் இல்லை இது. ஜெர்மனியில் 1934-இல் எடர் ஏரிப் பக்கம் இரண்டு ஜோடி ரக்கூன்களைக் காட்டுக்கு அழகு சேர்க்கும் என்று விட்டார்கள். இப்போது அந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஜப்பானில், அதே 1977-இல், ராஸ்கல் என்ற ரக்கூன் குட்டியின் கதை டிவியில் கார்ட்டூன் தொடராக வந்தது. குழந்தைகள் கேட்டார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். குட்டி வளர்ந்ததும் கடித்தது, வீட்டைக் கலைத்தது. தொடரின் முடிவில் பையன் ரக்கூனைக் காட்டில் கொண்டுபோய் விடுவான். ஜனங்களும் அப்படியே செய்தார்கள். இன்றைக்கு அங்கே பழத்தோட்டமும் பழைய கோயில்களின் மரவேலைப்பாடும் அதனிடம் சிக்கித் தவிக்கின்றன.

எல்லா இடத்திலும் ஒரே எண்ணம்தான்: 'கொண்டுபோய் விட்டுவிட்டால் சரி'. நம் கண்ணில் படாத இடத்தில் அந்த விலங்குக்கும் வேறு யாருக்கும் என்ன ஆகிறது என்பது கணக்கில் வருவதே இல்லை. ஜூன் மாதம் என்றால் பரணிலோ மரப்பொந்திலோ குட்டிகள் இருக்கும். தாயைப் பிடித்து இருபது மைல் தள்ளி விட்டால், குட்டிகள் பசியில் சாகும். தாய்க்கும் தெரியாத காடு. ஒருவேளை நோய் இருந்தால், அதற்கும் ஓசியில் இருபது மைல் பயணம். இங்கே காலியான இடத்துக்கு அடுத்த மாதமே இன்னொரு ரக்கூன் வந்துவிடும். குளம் அப்படியேதானே இருக்கிறது?

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னேன். கோபப்பட்டார். "நோய் இருக்கிறதோ என்னவோ, அது இங்கேயே சுற்றட்டும், மணி பக்கத்தில் வரட்டும் என்கிறாயா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு ரக்கூனை அப்புறப்படுத்துவதால் மணிக்குக் காவல் கிடைக்காது. அவனைக் காப்பாற்றியது போன வருஷம் போட்ட ஊசி. இனிமேல் காப்பாற்றப் போவது ராத்திரியில் கழுத்தில் கட்டும் வார். வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சமாச்சாரத்தையும் சொன்னேன்: துரத்தும் நாயைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டால், ரக்கூன் அதன் தலைமேல் ஏறிக்கொண்டு மூழ்கடித்துவிடும். பெரிய வேட்டைநாய்க்கே அந்தக் கதி என்றால், மணி எம்மாத்திரம்?

அடுத்த இரண்டு வாரம் வேலை நடந்தது. படிக் கற்களை எடுத்துவிட்டுக் கரையைச் செங்குத்தாக்கி, நடுவில் மூன்றடிக்கு மேல் ஆழப்படுத்தினோம். நிற்க இடமில்லாத தண்ணீரில் ரக்கூன் மீன் பிடிப்பது கஷ்டம். அடியில் இரண்டு அகலமான குழாய்த் துண்டுகளைப் போட்டோம், மீன் ஒளிந்துகொள்ள. மேலே வலை, விறைப்பாக இழுத்துக் கட்டியது. தொய்ந்த வலை அந்தக் கைக்கு ஒரு விளையாட்டு. கரையைச் சுற்றித் தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒன்று, ஒரு அடியில் ஒன்று என்று லேசான மின்கம்பி, ராத்திரி மட்டும். ஆள் அரவம் பட்டால் தண்ணீர் பீய்ச்சும் கருவி ஒன்றும் வைத்தார். நாலு நாளில் ரக்கூன் அதற்குப் பழகிவிட்டது, அதை எடுத்துவிட்டோம். மணியின் சாப்பாட்டுத் தட்டும் குப்பைத்தொட்டியும் பொழுது சாய்ந்ததும் உள்ளே வந்துவிடும்.

நான் ஊர் திரும்பிய பிறகும் நாற்பத்தைந்து நாள் முடியவில்லை. தினமும் அக்காவிடமிருந்து ஒரு போட்டோ வரும். மணி தூங்குகிறான், மணி சாப்பிட்டான், மணி தண்ணீர் குடித்தான். கடைசி நாளன்று போட்டோ வரவில்லை, போனே வந்தது. "முடிஞ்சுதுடா" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள்.

அத்தான் போனை வாங்கினார். கல் மேல் இன்னும் அந்தக் கைத்தடம் விழுகிறதாம், வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம். ஒரு நாள் கூடவே மூன்று சின்னக் கைத்தடங்கள்.

"நாலு மீனும் இருக்கு" என்றார்.

கூண்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.