வீட்டு உள்ளறைக் காட்சியாக்கத்தில் ஒளியும் கணினி வன்பொருளும்: ஒரு வரலாற்று நோக்கு (1980–2018)

ஆய்வுச்சுருக்கம்

கட்டி முடிக்கப்படாத வீட்டின் உள்ளறையை ஒளிப்படம் போலக் கணினியில் உருவாக்கும் முறை, 1980களில் ஒளியை அளந்து சரிபார்க்கும் ஆய்வாகத் தோன்றியது. பின்னர் அது விற்பனைப் படங்களை உருவாக்கும் கருவியாகப் பரவியது. இம்மாற்றத்தில் வன்பொருளின் எல்லைகளும் அவற்றைக் கடக்கக் கையாளப்பட்ட ஒளி அமைப்புகளும் பெற்ற பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சியாக்கம், மறைமுக ஒளி, ரேடியாசிட்டி, கதிர்த்தட முறை, வரைகலைச் செயலி.

முன்னுரை

சாளரத்தின் வழியே வரும் வெயில் தரையில் பட்டு, கூரைக்குச் சென்று, அங்கிருந்து சுவரின் மூலைக்கு இறங்குகிறது. அம்மூலையில் காணப்படும் வெளிச்சம் பெரும்பாலும் இவ்வாறு பலமுறை சிதறி வந்த மறைமுக ஒளியே ஆகும். திறந்தவெளியில் நிற்கும் கட்டடத்திற்கு நேர் வெயிலையும் வானொளியையும் கணக்கிட்டாலே ஏற்கத்தக்க படம் கிடைத்துவிடும். உள்ளறைக்கு அது போதாது. எனவே, காட்சியாக்க முறைகளின் வலிமையைச் சோதிக்கும் களமாக வீட்டு உள்ளறை அமைந்தது.

1. நேர் ஒளியின் எல்லை

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட் 1980இல் வெளியிட்ட கட்டுரை, கதிர்த்தட முறைக்கு அடித்தளமிட்டது. கண்ணிலிருந்து புறப்படும் கதிர் ஒரு பரப்பைத் தொட்டதும், அங்கிருந்து விளக்கை நோக்கியும், பரப்பு ஆடியாகவோ கண்ணாடியாகவோ இருப்பின் எதிரொளிப்பு, ஒளிவிலகல் திசைகளிலும் புதிய கதிர்கள் செலுத்தப்பட்டன. கோளங்களைக் கொண்ட அவரது புகழ்பெற்ற படத்திற்கு வாக்ஸ்-11/780 கணினி 74 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது.

ஆடிக்கும் கண்ணாடிக்கும் பொருந்திய இம்முறை, சுண்ணச் சுவருக்கும் துணிக்கும் பொருந்தவில்லை. அத்தகைய சிதறல் பரப்புகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒளிக்கு மாற்றாக, அறை முழுமைக்கும் ஒரே மாறிலி சேர்க்கப்பட்டது. இதனால் மூலைகள் தட்டையாகத் தோன்றின. அக்குறையை மறைக்க, உண்மை அறையில் இல்லாத துணை விளக்குகளைப் படைப்பாளர் தம் கண்ணளவில் வைக்க நேர்ந்தது.

2. கார்னெல் பெட்டியும் சரிபார்ப்பும்

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோரல், டோரன்ஸ், கிரீன்பெர்க், பட்டேல் ஆகியோர் 1984இல் வேறொரு வழியை முன்வைத்தனர். வெப்பக் கதிர்வீச்சுப் பொறியியலில் வழங்கிய ரேடியாசிட்டிக் கணக்கீட்டை அவர்கள் ஒளிக்குப் பயன்படுத்தினர். ஒரு சுவர் சிவப்பாகவும் எதிர்ச்சுவர் நீலமாகவும் அமைந்த எளிய பெட்டியே அவர்தம் சோதனைக் காட்சி. சுவர்களின் நிறம் அருகிலுள்ள வெண்பரப்பில் படர்வதை அப்படம் காட்டியது.

இக்குழுவின் சிறப்பு அடுத்த படியில் உள்ளது. 1986இல் வெளியான ஆய்வொன்றில், உண்மையாகச் செய்யப்பட்ட பெட்டியும் கணினிப் படமும் பார்வையாளர் முன் ஒருசேர வைக்கப்பட்டன. எது உண்மை என்பதை ஊகத்தைவிட மேலான அளவில் அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. படத்தின் நம்பகத்தன்மை இங்கு இயற்பொருளோடு ஒப்பிட்டு நிறுவப்பட்டது.

ஆயினும் வன்பொருள் தடையாக நின்றது. அறையை 1,000 துண்டுகளாகப் பிரித்தால், அவற்றின் இணைகளுக்கிடையே 10 இலட்சம் வடிவக் காரணிகள் தேவை. 10,000 துண்டுகளாயின் 10 கோடி. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் எனக் கொண்டாலும் ஏறத்தாழ 400 மெகாபைட் நினைவகம் வேண்டும். 1988இல் கோஹனும் அவர் குழுவினரும் மிகுதியான ஒளியை வெளியிடும் துண்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கணக்கிடும் முறையை அளித்து, இச்சுமையைக் குறைத்தனர்.

3. இரைச்சலும் குறுக்கு வழிகளும்

ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்ட காட்சியாக்கச் சமன்பாடு, முந்தைய முறைகளை ஒரே வாய்பாட்டின் தோராயங்களாக விளக்கியது. அதனைத் தீர்க்க அவர் எழுமாற்றுப் பாதைகளைக் கையாண்டார். 256×256 படப்புள்ளிகள், புள்ளிக்கு 40 பாதைகள் என்ற அளவில் அமைந்த படத்திற்கு ஐபிஎம் 4341 கணினியில் 533 நிமிடங்கள் ஆயின.

இம்முறையில் இரைச்சலைப் பாதியாக்கப் பாதைகளை நான்கு மடங்காக்க வேண்டும். சிறு சாளரம் மட்டுமே ஒளிவாயிலாக உள்ள அறையில், எழுமாற்றாகச் செல்லும் பாதைகளுள் மிகச் சிலவே சாளரத்தை அடையும். எனவே அங்கு இரைச்சல் மிகும்.

மறைமுக ஒளி ஒரு பரப்பின்மீது மெதுவாகவே மாறுகிறது என்பதைப் பயன்படுத்தி, கிரெக் வார்டும் அவருடன் ஆய்ந்தோரும் 1988இல் சில புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டு இடைப்பட்டவற்றை நிரப்பும் முறையைத் தந்தனர். வார்டு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கிய ரேடியன்ஸ் மென்பொருள், அறையின் பகலொளியை இயற்பியல் அலகுகளில் முன்கணிக்கப் பயன்பட்டது.

4. அளவீட்டிலிருந்து விற்பனைக்கு

2000களில் வி-ரே போன்ற வணிக மென்பொருள்கள் இத்தகைய இடைநிரப்பு முறைகளை மேசைக்கணினிக்குக் கொணர்ந்தன. ஐக்கியா நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு விவரப்பட்டியலில் கணினியால் உருவான நாற்காலிப் படம் இடம்பெற்றது. பின்னர் முழு அறைகளும் அவ்வாறே உருவாக்கப்பட்டன.

இம்மென்பொருள்களில் விளக்கின் ஒளியை லூமன் அலகில் அமைக்கலாம். அலகற்ற பெருக்கெண்ணாலும் அமைக்கலாம். படத்தில் தோன்றாத விளக்கைச் சேர்க்கவும், ஒளிப்பதிவுச் செறிவை விருப்பம்போல் உயர்த்தவும் இயலும். ஆகவே, வெயில் புகாத அறையும் ஒளிமிக்கதாகத் தோன்றலாம். படத்தைப் பார்த்து வீடு வாங்குபவர், எந்த அமைப்பில் அது உருவானது என்பதைப் படத்திலிருந்து அறிய வழியில்லை. முன்பு துணை விளக்கு கணக்கீட்டின் குறையை ஈடுசெய்தது. இங்கு அதுவே வீட்டின் குறையை மறைக்கக்கூடும்.

2018இல் என்விடியா, கதிர்த்தடக் கணக்கீட்டிற்கெனத் தனி உறுப்புகள் கொண்ட டூரிங் வரைகலைச் செயலிகளை வெளியிட்டது. நொடிக்கு 1,000 கோடி கதிர்கள் வரை இயலும் என அந்நிறுவனம் அறிவித்தது. கஜியாவின் படத்திற்குத் தேவைப்பட்ட பாதைகள் சுமார் 26 இலட்சம் மட்டுமே. எனினும் ஆர்டிஎக்ஸ் 2080 அட்டையின் 8 கிகாபைட் நினைவகத்துள் அறையின் வடிவங்களும் இழைப்படங்களும் அடங்க வேண்டும் என்னும் எல்லை நீடித்தது. எஞ்சிய இரைச்சலை, பயிற்றுவிக்கப்பட்ட நரம்பியல் வலையமைப்புகள் ஊகித்து நீக்கின.

முடிவுரை

விட்டட் முதல் டூரிங் வரையிலான வளர்ச்சியில், பொய் விளக்கை வைக்க வேண்டிய கட்டாயம் படிப்படியாக மறைந்தது. வைக்கும் வசதி மறையவில்லை. வன்பொருளின் வலிமை படத்தின் உண்மைத்தன்மைக்குத் தானே சான்றாகாது. 1986ஆம் ஆண்டு ஆய்வு அச்சான்றை உண்மைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பெற்றது. விற்பனைப் படம் வெளியாகும்போது ஒப்பிடுவதற்கு வீடு இன்னும் எழுந்திருப்பதில்லை. எனவே திசை, நாள், நேரம், விளக்குகளின் அளவு, ஒளிப்பதிவுச் செறிவு ஆகியவற்றைப் படத்துடன் பதிவுசெய்வதே அவ்வொப்பீட்டைப் பின்னராவது இயலச் செய்யும்.