24 வோல்ட்டும் 230 வோல்ட்டும்: வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பழுதுபார்ப்போரின் வரலாறு

தெர்மோஸ்டாட்டின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் அடுப்பை அமைத்த டச்சுக்காரர் கார்னேலிஸ் டிரெபெல், 1830இல் ஈருலோகப் பட்டையாலான கருவிக்குக் காப்புரிமை பெற்று அதற்கு ‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயரையும் வழங்கிய ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் ஆகியோர் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறுகின்றனர். கருவி பழுதுபட்டபோது அதன் மூடியைத் திறந்து உறுப்பை மாற்றிய கைகளைப் பற்றி அது மிகக் குறைவாகவே பேசுகிறது. அக்கைகளின் நிலையிலிருந்து நோக்கினால் முதன்மை பெறும் கேள்வி வேறு: மூடிக்குள் இருக்கும் மின்னழுத்தம் எவ்வளவு? இதற்கான விடை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை விளக்க இயற்பியல் மட்டும் போதாது, வரலாறும் வேண்டும்.

அமெரிக்காவில் மின்வழிக் கட்டுப்பாடு மின்கலத்தோடு பிறந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், அறையின் வெப்பநிலையை நிலவறையில் இருக்கும் பணியாளருக்கு மணியடித்து அறிவிக்கும் கருவிக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் புட்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட்டின் மின்சுற்று மூடும். அதனால் விடுவிக்கப்படும் பொறி, சங்கிலியை இழுத்து நிலக்கரி உலையின் காற்றுவாயைத் திறக்கும். இவை வீடுகளுக்கு மின்விநியோகம் பரவுவதற்கு முந்தையவை. ஆகவே சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைத் தொட்டவருக்கு மின்னதிர்ச்சி பற்றிய அச்சம் எழ இடமில்லை.

1920களில் எண்ணெய் எரிகலன்கள் பரவியபோது நிலைமை மாறியது. மோட்டாருக்கு விநியோக மின்சாரமும், தீப்பொறிக்கு ஏறத்தாழ 10,000 வோல்ட் தரும் மின்மாற்றியும் உலையருகே வந்து சேர்ந்தன. ஆயினும் சுவரிலிருந்த கருவி பழைய மரபிலேயே நீடித்தது. சிறிய மின்மாற்றி ஒன்று மின்னழுத்தத்தைக் குறைத்துத் தர, ரிலே ஒன்று அச்சிறு மின்னோட்டத்தின் ஆணைப்படி பெரிய மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் வந்தது. காலப்போக்கில் 24 வோல்ட் பொதுவழக்காயிற்று. ஆற்றல் வரம்புக்குட்பட்ட இத்தகைய சுற்றுகளுக்கு அமெரிக்க மின்விதிகள் தனி வகுப்பு வகுத்து, மெல்லிய கம்பிகளையும் அனுமதித்தன. பாதுகாப்பும் சிக்கனமும் இங்கு ஒரே திசையில் சென்றன. ஹென்றி டிரெய்ஃபஸ் வடிவமைத்து 1953இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டை வீட்டுக்காரரே கழற்றி மாட்ட முடிந்தது இம்மரபின் விளைவு எனலாம்.

பிரிட்டனில் வீட்டு வெப்ப அமைப்புகள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. அதற்குள் மின்விநியோகம் வீடுகளை அடைந்துவிட்டது. வெந்நீரைச் சுற்றவிடும் பம்பு விநியோக மின்னழுத்தத்தில் இயங்கியதால், அறைத் தெர்மோஸ்டாட் இடையில் ரிலேயின்றி அப்பம்பையே நேராக இயக்கியது. அன்று 240, இன்று 230 வோல்ட் எனப்படும் முழு மின்னழுத்தமும் இவ்வாறு சுவர்க்கருவியின் மூடிக்குள் குடிபுகுந்தது.

இதன் விளைவு ஆழமானது. ஒரு நாட்டில் வடிவமைப்பு ஏற்ற சுமையை, மற்றொரு நாட்டில் செயல்முறை ஏற்க வேண்டியதாயிற்று. பிரிட்டனின் 1989ஆம் ஆண்டுப் பணியிட மின்சார ஒழுங்குவிதிகள், மின்னோட்டம் உள்ள கடத்தியில் வேலை செய்வதை விதிவிலக்காகவே கருதுகின்றன. அம்மரபில் உருவான பணிமுறை எளியது: இணைப்பைத் துண்டித்தல், வேறொருவர் மீண்டும் இணைக்காதவாறு பூட்டுதல், மின்னோட்டம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்தல். சோதிக்கும் கருவியையும் மின்னோட்டம் உள்ள இடத்தில் முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும் என்பதே இதன் நுட்பம். பழுதான சோதனைக் கருவியும் ‘மின்சாரம் இல்லை’ என்றே காட்டுமல்லவா!

வடிவமைப்புத் தந்த பாதுகாப்பும் முழுமையானதன்று. அமெரிக்கச் சுவரில் 24 வோல்ட் இருப்பினும் உலைப்பெட்டிக்குள் விநியோக மின்னழுத்தம் உண்டு. விசிறி மோட்டாரின் மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். 230 வோல்ட்டில் இயங்கும் இன்றைய மின்னணுப் பலகைகளில் அத்தேக்கம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை இருக்கலாம். பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டுகளின் கண்ணாடிக் குமிழில் இருந்த பாதரசம், மாற்றுபவருக்கும் குப்பை அள்ளுபவருக்கும் வேறொரு தீங்காயிற்று. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச மின்விசைகளைக் கைவிட 2020ஐ எல்லையாக வைத்தது.

இந்தியாவில் இக்கேள்வி குளியலறையில் எழுகிறது. நம் வீடுகளில் வெப்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் கீசரே. அதன் தெர்மோஸ்டாட் 230 வோல்ட் சுற்றில், ஃபேஸ் கம்பியின் வழியில், தண்ணீருக்கு அருகில் அமைகிறது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி இணைக்கப்பட்ட வீட்டில், தெர்மோஸ்டாட் துண்டித்த நிலையிலும் வெப்பச்சுருளில் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். அங்கு சுவர் விசையை மட்டும் அணைப்பது போதாது. இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் பிரேக்கரே நம்பத்தக்கது. பழுதான வெப்பத் துண்டிப்பானை மாற்றாமல் ‘டைரக்ட்’ கொடுப்பதும், உருகிக்குப் பதில் தடித்த கம்பி சுற்றுவதும் கருவியை ஓடச்செய்யும். ஆனால் அதன் காவலை அகற்றிவிடும். மாற்றும் உறுப்பு மின்னழுத்தம், மின்னோட்டத் தாங்குதிறன், துண்டிக்கும் வெப்பநிலை ஆகிய மூன்றிலும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

கடத்தியைக் கையாளுமுன் அதன் மின்னூட்டத்தை அகற்றுதல், வேலை நடக்கும்போது தவறுதலாக மின்னூட்டம் பெறாமல் தடுத்தல் ஆகிய இரண்டையும் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 36ஆம் விதியே வலியுறுத்தியது. ஆகவே நம்மிடம் விதி இல்லாமலில்லை. கீழ்த்தளத்துப் பிரேக்கரை யாரேனும் அறியாமல் மேலே தள்ளிவிட, மேல்தளத்தில் தனியே வேலை செய்பவரிடம் பூட்டோ அறிவிப்புப் பலகையோ இல்லாதபோது அவ்விதி யாரைக் காக்கும் என்பதே கேள்வி. வடிவமைப்பு தராத பாதுகாப்பைச் செயல்முறை தர வேண்டும்; அச்செயல்முறைக்கான கருவியும் பயிற்சியும் நேரமும் வழங்கப்படாத இடத்தில், கருவியின் வரலாறு தீர்க்காமல் விட்ட சுமை பழுதுபார்ப்பவரின் உடல்மீது இறங்குகிறது. தொழில்நுட்ப வரலாறு கற்போர் காப்புரிமைகளோடு விபத்துப் பதிவேடுகளையும் படிக்க வேண்டியது இதனாலேயே.