கோரிமேட்டிலிருந்து செஞ்சிக்கு

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேரே கடற்கரைக்குப் போகிறார்கள். அலையைப் பார்த்து, வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரின் சரித்திரம் முழுவதும் கப்பலிலிருந்து இறங்கியது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதன் தலையெழுத்தில் பெரும்பகுதி தரைவழியாகவே வந்தது. அந்த வழிக்கு வாசல் கோரிமேடு.

இன்று கோரிமேடு என்றால் ஜிப்மர் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1954 வரையில் இந்த மேட்டைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் போவதென்றால் ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்துக்குப் போவதாகும். அவ்வாண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிவானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இப்போது பஸ்ஸில் கண்ணயர்ந்தவருக்கு எல்லை கடந்ததே தெரியாது.

ஐப்பசி மாதத்தில், விடுமுறை எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை காலையில், தன்னந்தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மழை நாளில் யாராவது கோட்டை பார்க்கப் போவாங்களா, ஸார்?" என்று பெட்ரோல் போட்ட பையன் சிரித்தான். கூட்டத்தோடு போனால் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும், தம்பி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

முதலில் திருவக்கரை. அங்கே கல்மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள்! வேருமில்லை, கிளையுமில்லை, ஆகவே பழைய வெள்ளம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் சொல்லும் காரணம். மரத்தின் நார் இருந்த இடத்தில் கல் புகுந்துகொண்டது. நாரின் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஊர்க்காரர்களோ, வக்கிரகாளி வதைத்த அசுரனின் எலும்புகள் என்கிறார்கள். மழையில் நனைந்து பளபளத்த அந்தக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தபோது இரண்டு கதையும் நம்பும்படியாகத்தான் இருந்தது. பூங்காவில் என்னைத் தவிர இரண்டு ஆடுகள் இருந்தன.

பிறகு செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில்கள் வளைத்துக்கொண்டிருக்கின்றன. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். வழுக்கும் படிகளில் நிதானமாகத்தான் ஏற முடிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரும் பிளவு. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எமனும் ஏற முடியாது என்று தோன்றிற்று.

இந்த மலையில் இருந்தவர்களின் தயவில்தான் புதுச்சேரி பிழைத்தது. 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேறியது பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடியின் அனுமதியால். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும் மார்த்தேன் மராட்டியரிடம் அனுமதி கேட்டுத் தூது அனுப்ப நேர்ந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம், மொகலாயருக்குத் தப்பி இக்கோட்டையில் தங்கியிருந்தபோது, பணமுடை தாங்காமல் புதுச்சேரி உரிமையை டச்சுக்காரருக்கு விற்றுவிட்டான். அவர்கள் 1693-ல் வந்து ஊரைப் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது திரும்பக் கிடைத்தது 1699-ல். கடலோரத்து ஊருக்கு விலை பேசியது இந்த மலை!

ராஜாராமைப் பிடிக்க மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் 1690-ல் முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டான். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தான். எட்டு வருஷம் எங்கே, ஓர் இரவு எங்கே? மதில் அதுவேதான், பாறையும் அதுவேதான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வேறு. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் அடித்துக்கொண்ட நேரம் அது. திருவதிகைப் பக்கத்தில் தோற்று ஓடிவந்த முகம்மது அலியின் படைதான் இங்கே ஒதுங்கியிருந்தது. தோற்ற மனத்தோடு நிற்பவனுக்கு எந்த மதிலும் உயரம் போதாது.

வென்றவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் ஊரும் தரைமட்டமாயின. அந்தக் காலத்தைத் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப்பிள்ளை அதைக் காணவில்லை. நான்கு நாள் முன்னதாகவே கண்ணை மூடிவிட்டார். ஏப்ரலில் செஞ்சியும் போயிற்று.

நம் மக்களோ இவர்களில் ஒருவரையும் பாடவில்லை. 1714-ல் நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து மாண்ட இளைஞன் தேசிங்கைத்தான் பாடினார்கள். அவனோடு உயிர் கொடுத்த முஸ்லிம் தோழனையும் சேர்த்தே பாடினார்கள். வெற்றியை எண்ணாமல் மனத்தை எண்ணியது அந்தக் கதைப்பாட்டு. சரித்திர ஆசிரியர்கள் இதற்காகக் கோபிக்கலாம்; கதை எழுதுகிற எனக்குக் கோபம் வரவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷந்தான். ஆனால் மராட்டியருக்கு முன்பே இங்கே நாயக்கர்கள் கட்டினார்கள். கல்யாண மகாலும் வெங்கடரமணர் கோயிலும் அதற்குச் சாட்சி. செஞ்சியிலிருந்து பெயர்த்துப் போனவை என்று சொல்லப்படும் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு தடவையாவது கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே திரும்பிப் பார்க்கட்டும். அந்தத் தூண்கள் எந்த வழியாக வந்தன என்று யோசித்தால், ஊரின் மறுபாதிக் கதை தானே விளங்கும்.